பிழை பூஜ்யம்

நிரலுக்குள் விளக்கக் குறிப்பு எழுதுவதில் எங்கள் அலுவலகத்து அக்காவை மிஞ்ச ஆளில்லை. எந்த மோட்டார் எப்போது ஓடலாம், எப்போது கூடாது என்று பதினாறு வருஷமாகப் பொறுமையாக எழுதி வைத்திருந்தார். அந்தக் குறிப்புகளை இணையப் பக்கமாக மாற்றியபோது, அவற்றிலிருந்த '<', '>' குறிகளால் முந்நூறு இடங்களில் பிழை காட்டியது. திருத்தும் வேலை என் தலையில் விழுந்தது.

ஒவ்வொன்றாகப் பார்க்க எனக்கென்ன தலையெழுத்தா? '<' முதல் '>' வரை இருப்பதையெல்லாம் அழி என்று ஒரே கட்டளை போட்டேன். பிழை பூஜ்யம். மேலாளர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

மறுநாள், புதிதாகச் சேர்ந்த பெண் என் திரையைப் பார்த்துச் சிரித்தாள். "'வெப்பநிலை 40 என்றால் மோட்டாரைப் போடாதே'னு இருக்கே. அப்ப நாப்பத்தொண்ணுன்னா போடலாமா? யாருண்ணா எழுதினது?"

பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. 'வெப்பநிலை < 5 அல்லது > 40', அதாவது ஐந்துக்குக் கீழே அல்லது நாற்பதுக்கு மேலே, என்று அக்கா எழுதியிருந்ததில் பாதியை என் கட்டளை விழுங்கியிருந்தது.

"அக்காதான்" என்றேன்.

பின் இருக்கையிலிருந்து அக்கா எழுந்து வந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். முகம் சுருங்கிவிட்டது.

"நானா இப்படி எழுதினேன்? இப்பல்லாம் எனக்குக் கவனமே இல்லப்பா. மன்னிச்சுக்கோ, மத்ததையும் நானே உக்காந்து பாத்துடறேன்."

"பரவால்லக்கா" என்றேன் நான்.