வாசித்துக் காட்டாத வரைபடம்

எங்கள் அக்கா மார்டள்ளியில் பிறந்தவர். அப்பாவுக்கு மைசூரில் ஆலை வேலை கிடைத்தபோது அவருக்கு நான்கு வயது. நான் அப்போது பிறக்கவே இல்லை. அக்கா கல்லூரியில் புவியியல் படித்துக்கொண்டிருந்த நாட்களில் அப்பா காலமானார். அம்மா செவிலியர். ஒரே நாளில் இரண்டு ஷிப்டும் பார்ப்பார். என்னைப் பள்ளிக்குக் கிளப்பியதும், பாடம் சொல்லிக் கொடுத்ததும், தேவைப்பட்டால் முதுகில் இரண்டு போட்டதும் அக்காதான். அக்காவின் ஓராண்டு நினைவு மலரில் யார் எழுதுவது என்று பேச்சு வந்தபோது, வேகமாக எழுதுவான் என்று என்னைச் சொன்னார்கள். தமிழைத் திருத்தியவர் அம்மா.

அக்கா என்ன வேலை பார்த்தார் என்று உறவினர் பலர் இன்றும் கேட்கிறீர்கள். காட்டிலாகா இல்லை. மலையில் வாழும் சோளகர் மக்கள் தங்கள் காட்டைக் காக்கத் தாங்களே தொடங்கி, தாங்களே நடத்தும் அறக்கட்டளை ஒன்று உண்டு. தலைவி கேத்தம்மா முதல் குழுவில் உள்ள அத்தனை பேரும் சோளகர். மைசூரில் அவர்களுக்கு ஒரு சின்ன அலுவலகம். அங்கே வரைபடம் தயாரிக்கும் ஊழியர் அக்கா. "பாவம், அந்த ஜனங்களுக்கு சேவை பண்றியாம்மா" என்று பெரியப்பா ஒருமுறை நெகிழ்ந்தார். "அவங்கதான் பெரியப்பா எனக்கு சம்பளம் தர்றாங்க. லீவு வேணும்னாகூட கேத்தம்மாகிட்டதான் கேக்கணும்" என்றார் அக்கா.

அவர்களிடம் ஒரு வழக்கம். எந்தத் தாளும் வெளியே போகும் முன் மலைக்குப் போக வேண்டும். குடியிருப்பின் நடுவே எல்லாரும் உட்கார்ந்திருக்க, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உரக்க வாசிக்க வேண்டும். படித்தவர்கள் அங்கே இருந்தாலும் அப்படித்தான். பழைய மேசை வாங்கும் விண்ணப்பத்துக்குக்கூட விலக்கில்லை. அக்கா சலிக்காமல் வாசித்துவிட்டுத் தொண்டை கட்டிப்போய் வீடு திரும்புவார்.

உண்ணிச்செடி மண்டிய இடங்கள், ஓடைகள், சாமிப் பாறைகள் என்று அவர்களோடு இரண்டு வருடம் நடந்து அக்கா ஒரு பெரிய வரைபடம் செய்தார். அவ்வளவு அழகு. அதை நேரே மைசூரில் அச்சுக்குக் கொடுத்துவிட்டார். வரைபடம் பார்க்கிற பொருள்தானே, அதை யார் வாசித்துக் காட்டுவார்கள் என்று நினைத்தார். அச்சாகி வந்த அன்றே நான் அதைப் படமெடுத்துப் பெருமையாக நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

வரைபடத்தை வெளியிடவிருந்த விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, அச்சான கட்டுகளோடு அக்கா மலைக்குப் போனார், நானும் ஒட்டிக்கொண்டேன். விரித்ததும் எல்லாரும் குனிந்து பார்த்து மகிழ்ந்தார்கள். கேத்தம்மா அக்காவைத் "தங்கி" என்றுதான் கூப்பிடுவார், கன்னடத்தில் தங்கை. "நல்லா இருக்கு தங்கி. சரி, வாசி" என்றார்.

அக்கா சிரித்தார். கேத்தம்மா சிரிக்கவில்லை. அக்கா ஒவ்வொரு பெயராக வாசித்தார். ஓடை, மேடு, சாமிப் பாறை. தலைகள் ஆடின. இங்கேதானே உன்னைக் கரடி துரத்தியது என்று ஒருவர் இன்னொருவரைச் சீண்டினார். அடுத்துத் தேன் பாறைகளின் பெயர்கள் வந்தன. முதல் பெயரில் பேச்சு நின்றது. நான்காவது பெயரில் அக்காவே நிறுத்திவிட்டார்.

எந்தப் பாறையில் எப்போது தேன் எடுப்பது, எவ்வளவைத் தேனீக்களுக்கு விட்டு வருவது என்பதெல்லாம் அவர்களுக்குள் உள்ள ஏற்பாடு. இடம் தெரிந்தால் வெளியாட்கள் கயிறும் வண்டியுமாக வந்து ஒரே நாளில் வழித்துவிடுவார்கள்.

கேத்தம்மா கோபப்படவில்லை. "உனக்குக் காட்டினோம். ஊருக்கா காட்டினோம்?" என்று மட்டும் கேட்டார்.

கட்டுகளை அங்கேயே வெந்நீர் அடுப்பில் போட்டார்கள். வரைபடம் இல்லாமலே விழா நடந்தது. மலையிறங்கும் பஸ்ஸில் நான் வாட்ஸ்அப் விஷயத்தை ஒப்புக்கொண்டேன். நாலு பேருக்குத் தெரிந்தால் நல்லதுதானே என்றும் வாதாடினேன். "நாலு பேருக்குத் தெரியக் கூடாதுன்னுதான்டா அவங்க இத்தனை காலம் வாய மூடிட்டு இருக்காங்க" என்றார் அக்கா. போட்டு மூன்று நாளாகிவிட்டதால் எல்லார் போனிலிருந்தும் அதை என்னால் எடுக்க முடியவில்லை. அக்கா ஒரு நோட்டில் குழுவில் இருந்தவர்களின் பெயர்களை எழுதி, ஒவ்வொருவராகப் போன் செய்து படத்தை அழிக்கச் சொன்னார்.

அதன் பின் இரண்டு மழைக்காலம், அவரை யாரும் காட்டுக்குள் அழைக்கவில்லை. "வீட்டுக்குக் கூப்பிடறாங்க, சோறு போடறாங்க. காட்டுக்கு மட்டும் கூப்பிட மாட்டேங்கறாங்கடா" என்று ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னார். வேலையை விடவில்லை. கடிதங்களை எழுதினார், உரக்க வாசித்தார். ஒரு காலையில் கேத்தம்மா, காட்டுக்குப் போகலாம், செருப்பைக் கழற்றிவிட்டு வா என்றார். அக்கா இடம் குறிக்கும் ஜி.பி.எஸ். கருவியையும் செருப்போடு சேர்த்து வைத்துவிட்டுப் போனார்.

புது வரைபடம் தொடங்கிய வருடமே கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. கடைசி வாரம் வலி மருந்தில் அக்கா பிதற்றினார். வந்ததெல்லாம் மலையிலுள்ள இடங்களின் பெயர்கள், தேன் பாறைகள் உட்பட. கேத்தம்மா மலையிலிருந்து வந்து நான்கு நாள் கட்டிலருகே இருந்தார். யாராவது உள்ளே வந்தால் அக்காவின் வாயருகே காதை வைத்து, தானும் ஏதாவது பேசிக்கொண்டே இருப்பார். ஒரு மதியம் என்னிடம், அக்கா சொன்னது கேட்டதா என்றார்.

"ஒண்ணும் கேக்கலைம்மா" என்றேன்.

சாப்பிட்டாயா என்று கேட்டார்.

அக்காவைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், வீட்டுக்கே வந்து நற்கருணை தந்த பங்குத்தந்தைக்கும், அடக்கத்துக்கு வண்டி பிடித்து வந்த மார்டள்ளிச் சொந்தங்களுக்கும், மலையிலிருந்து வந்த அத்தனை பேருக்கும் எங்கள் நன்றி. சொன்ன உடனே படத்தை அழித்தவர்களுக்குத் தனியாக நன்றி. அக்காவின் நோட்டில் ஒன்பது பெயர்களுக்கு இன்னும் டிக் விழவில்லை; அந்த ஒன்பது பேர் கையிலும் இன்று இந்த மலர் இருக்கும். இங்கிருந்து கிளம்பும் முன் போனில் தேடி அழித்துவிட்டு அம்மாவிடம் சொல்லுங்கள். நோட்டும் பேனாவும் அவரிடம் இருக்கின்றன.