கண்ணாயி வாங்கிப் போன சீட்டு

ஏற்காட்டில் லேப்டாப் ரிப்பேர் கடை வைத்தவனுக்குக் கோபம் வராமல் இருக்க வேண்டுமானால் அவன் சாமியாராக இருக்க வேண்டும். நான் சாமியார் இல்லை. பேர் சிவக்குமார். பஸ் ஸ்டாண்டை ஒட்டிய பேக்கரி மாடியில் பன்னிரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். வாயால் ஊதியவர்கள், முந்தானையால் துடைத்தவர்கள், வீடு கூட்டும் வேக்குவம் கிளீனரை வைத்து உறிஞ்சியவர்கள் என்று எல்லோரையும் பார்த்தாயிற்று. தூசியால் கெட்ட மிஷினைவிட, தூசி தட்டப் போய்க் கெட்ட மிஷின்தான் என்னிடம் அதிகம் வரும்.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, நாகலூர் பக்கத்துக் காபி எஸ்டேட்டிலிருந்து கணக்கு எழுதுகிற ரைட்டர் பொன்னுவேல் போன் செய்தார். ஆபீஸ் பெருக்குகிற அம்மா ஈரத்துணி போட்டு லேப்டாப்பைத் துடைத்துவிட்டார், இப்போது ஆன் செய்தால் உடனே அணைந்துவிடுகிறது, அந்த அம்மாவிடமே கொடுத்து அனுப்பியிருக்கிறேன் என்றார். நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஈரத்துணி என்று காதில் விழுந்ததுமே எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறிவிட்டது. வருகிற அம்மாவை என்னவெல்லாம் கேட்க வேண்டும் என்று மனசுக்குள் வரிசைப்படுத்தி வைத்துவிட்டேன்.

பதினொரு மணிக்கு வந்தார். ஐம்பதை ஒட்டிய வயது, ஒல்லியான உடம்பு. படியேறும்போது ஒவ்வொரு படியிலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். லேப்டாப்பைப் போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடியை விட்டு இறக்காமல் கொண்டு வந்திருந்தார். என் பேர் கண்ணாயி என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன். கரண்டு சாமானில் ஈரம் படலாமா, அடுப்பையும் லேப்டாப்பையும் ஒரே துணியில் துடைக்கலாமா என்று கொட்டித் தீர்த்தேன். நான் மூச்சு விட நிறுத்தியபோது அவர் சொன்னார்.

"தெறந்து பாருங்க சார். நானும் பாக்கோணும்."

கஸ்டமர் முன்னால் மிஷினைத் திறப்பது எனக்குப் பிடிக்காது. ஆனால் அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சார்ஜரைப் பிடுங்கினேன். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து முழுதாக அணைத்தேன். சூடு ஆறுவதற்குக் கொஞ்ச நேரம் விட வேண்டும் என்றேன். அந்த நேரத்தில் அவராகச் சொன்னவையும், நான் கேட்டு வாங்கியவையும்தான் இனி வருகிறவை.

கண்ணாயி அந்த எஸ்டேட்டில் சேர்ந்து இருபத்தாறு வருஷம். முதல் பதினெட்டு வருஷம் காபிக்கொட்டை பொறுக்கும் மேஜையில் இருந்தார். கறுத்தது, உடைந்தது, பூச்சி துளைத்தது எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துக் கையால் ஒதுக்குகிற வேலை. அவர் பொறுக்கிய தட்டை மறுபடி யாரும் சோதித்ததில்லையாம். முட்டி தேய்ந்த பிறகு, எட்டு வருஷமாக ஆபீஸ் வேலை. பெருக்குவது, தூசி தட்டுவது, டீ போடுவது. காகிதமும் மிஷினும் உள்ள அறைக்குள் அவர் ஈரத்துணி கொண்டு போனதே இல்லை. லேப்டாப்பைத் தொட வேண்டாமென்று ரைட்டர் முதல் நாளே சொல்லிவிட்டதால் மேஜையில் அதைச் சுற்றித்தான் துடைப்பாராம்.

அந்த எஸ்டேட்டில் தினமும் காலை ஏழரைக்கு ஸ்டோர் வாசலில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவார்கள். யாருக்கு என்ன வேலை என்பதை அங்கேதான் சொல்வார்கள். யாருக்கு என்ன தண்டனை என்பதையும் அங்கேதான் சொல்வார்கள். அன்று காலை அறுபது பேர் முன்னால், கண்ணாயி ஈரத்துணி போட்டு லேப்டாப்பைக் கெடுத்துவிட்டாள், நாளையிலிருந்து அவளுக்கு ஆபீஸ் கிடையாது, காட்டுக்குள் காபிப் பழம் பறிக்கத்தான் போக வேண்டும் என்று பொன்னுவேல் அறிவித்திருக்கிறார். மேனேஜர் ஞானசுந்தரம் பக்கத்தில் நின்றிருக்கிறார். லேப்டாப்பை நானே கொண்டு போய்ச் சரி பண்ணி வருகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார் கண்ணாயி.

இந்த முட்டியை வைத்துக்கொண்டு சரிவில் ஏறிப் பழம் பறிக்க முடியுமா என்று கேட்டேன்.

"முட்டி வலிச்சா தைலம் தேச்சுக்கலாமுங்க. இருவத்தாறு வருசத்துல எம்பேர்ல ஒரு சொல்லு கெடையாது. அது போனா எதைத் தேய்க்கறதுங்க?"

திருப்புளியை எடுத்தேன்.

அடி மூடியைக் கழற்றினேன். முதலில் பேட்டரி இணைப்பைப் பிரித்துவிட வேண்டும். அதைச் செய்யாமல் உள்ளே கை வைப்பவன் என் கடையில் வேலை செய்ய முடியாது. பிறகு கீபோர்டின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். ஈரம் இறங்கியிருந்தால் அங்கே கறை இருக்கும், வெள்ளையாகப் பூத்திருக்கும். ஒன்றுமே இல்லை. எலும்பு மாதிரிக் காய்ந்து கிடந்தது. ஃபேன் பக்கம் டார்ச்சைத் திருப்பினேன். இரண்டு இறக்கைகள் முறிந்திருந்தன. சூடு வெளியேறும் தகட்டு இடுக்குகளில் வெளிறிய தூள் இடித்து இறுக்கியதுபோல் அடைத்திருந்தது. காற்று போகும் வாய் ஓரமெல்லாம் மஞ்சளாகப் புள்ளி புள்ளி.

கண்ணாயி குனிந்தார். ஒரு குண்டூசி கேட்டார். அந்தத் தூளில் துளியைக் கிளப்பி உள்ளங்கையில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் விரலால் பரப்பினார்.

"இது ஆபீஸ் தூசி இல்லீங்க சார். ஆபீஸ்ல மண்ணுதான் படியும், செவப்பா. இது கொட்டையோட மேல்தொலி. ஹல்லர் ஓடற ஷெட்ல மட்டுந்தான் பறக்கும்."

காய்ந்த காபிக்கொட்டையின் தொலியை உரிக்கிற மிஷின்தான் ஹல்லர். அதை அவர் சொன்னதும் அந்த மஞ்சள் புள்ளிகளை முகர்ந்து பார்த்தேன். கம்ப்ரசர் எண்ணெய். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இந்த மலையில் எல்லா எஸ்டேட்காரர்களுக்கும் ஒரு வழக்கம் உண்டு. பைக் ஃபில்டரா, பேரிங்கா, சட்டையில் ஒட்டிய தூசியா, எதுவானாலும் ஹல்லர் ஷெட்டுக்குப் போய்க் கம்ப்ரசர் காற்றுத் துப்பாக்கியால் ஒரு அடி அடித்துவிடுவார்கள். லேப்டாப் சூடாகி நின்றிருக்கிறது. ரைட்டர் நல்லெண்ணத்தோடுதான் அதைத் தூக்கிப் போய் அடித்திருப்பார். அந்த வேகத்துக்குச் சின்ன ஃபேன் தாறுமாறாகச் சுற்றி முறிந்திருக்கிறது. காற்றோடு வந்த எண்ணெயும், ஷெட்டில் பறந்த தொலியும் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டன.

இதையெல்லாம் சத்தமாகச் சொல்லிவிட்டேன். கண்ணாயி சந்தோஷப்படவில்லை. கண்ணை மட்டும் ஒருமுறை துடைத்துக்கொண்டார். காலையில் அவரைத் திட்டியதற்கு நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

வேலையைத் தொடங்கினேன். பழைய மாடல் ஒன்றிலிருந்து எடுத்து வைத்த ஃபேன் சரியாகப் பொருந்தியது. இறுகிய தொலியைக் காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால், உள்ளே தள்ளாமல் வெளிப்பக்கமாகவே இழுத்தேன். பிறகு கேமரா லென்சுக்கு ஊதுகிற ரப்பர் பம்பால் சின்னச் சின்னதாக ஊத வேண்டும். ஊதும்போது ஃபேன் சுற்றக் கூடாது. அதனால் ஒரு பல்குத்தும் குச்சியால் இறக்கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். என்னிடம் வேலை பழக வந்தவர்கள் யாரும் முதல் தடவையில் அழுத்தாமல் பிடித்ததில்லை. கண்ணாயியின் கை ஒரு நூல் அசையவில்லை. எண்ணெயை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் எடுத்து, நன்றாக உலரவிட்டு, சூட்டைக் கடத்துகிற தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாக வைத்து மூடினேன். ஆன் செய்தேன். ஒரு மணி நேரம் ஓடவிட்டும் நிற்கவில்லை.

சீட்டு எழுதும்போதுதான் என் கை நின்றது. பொன்னுவேல் சாதாரண ஆள் இல்லை. அவர் எஸ்டேட்டின் பிரிண்டர், கேமரா எல்லாம் என் கையில். பக்கத்து எஸ்டேட்டுகள் இரண்டும் அவர் சொல்லி வந்தவை. நான் எழுதியது இவ்வளவுதான்: உள்ளே தூசி அடைப்பு. சுத்தம் செய்து ஃபேன் மாற்றப்பட்டது. அதில் பொய் ஒன்றுமில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டு நீட்டினேன்.

படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். வாங்கிய சீட்டை மறுபடி என் மேஜைமேல் வைத்தார்.

"ஏனுங்க சார், தூசின்னா அது யாரு வேலைங்க? எங்க வேலைதானுங்களே. திரும்பவும் எந்தலைலதானே வந்து உக்காருது?"

எனக்கு முகம் சுட்டது. முதலில் அவர்மேல்தான் கோபம் வந்தது, அதை ஒளிப்பானேன். பிறகு அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டேன். வேறு தாள் எடுத்து எழுதினேன்: தண்ணீரோ ஈரத்துணியோ பட்ட தடம் இல்லை. கம்ப்ரசர் காற்று அடித்ததால் ஃபேன் முறிந்துள்ளது. ஹல்லர் ஷெட்டின் தொலியும் கம்ப்ரசர் எண்ணெயும் உள்ளே இருந்தன. கையெழுத்துப் போட்டு, கடை முத்திரையும் குத்தினேன். அதையும் படித்துக் காட்டச் சொன்னார். இரண்டு முறை கேட்டுவிட்டு, மடித்து இடுப்பில் செருகி, லேப்டாப்பைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு மூன்று மணி பஸ்ஸுக்குப் போனார்.

அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. எஸ்டேட்டுக்கு வருகிற எந்தக் காகிதமும் முதலில் ரைட்டர் கைக்குத்தான் போகும். அது அதற்குமேல் நகர வேண்டுமா என்பதும் அவர் இஷ்டம். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஏறினேன். மேனேஜரிடம் நேரிலேயே சொல்லிவிடுவது என்று முடிவு. கொண்டை ஊசி வளைவில் மலையேறி வந்து பிழைக்கிறவனுக்கு அந்த நாகலூர் ரோடு பெரிய தூரமில்லை. ஆனால் வழி முழுக்கக் கைவிட்டுப் போகப்போகும் வேலைகளை எண்ணிக்கொண்டுதான் போனேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஸ்டோர் வாசலில் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கண்ணாயி பறிப்பு வேலைக்கான கூடையோடு கடைசி வரிசையில் நின்றார். ஞானசுந்தரம் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பேர் கூப்பிட்டு முடியட்டும் என்று ஓரமாக நின்றேன்.

பொன்னுவேல் கண்ணாயியின் பேரைக் கூப்பிட்டார். பதில் இல்லை. நிமிர்ந்து பார்த்து மறுபடி கூப்பிட்டார். கண்ணாயி கூடையைக் கீழே வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்தபடி எல்லோரையும் கடந்து முன்னால் வந்தார். சீட்டை மேனேஜரிடம் கொடுப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் அதை ரைட்டரிடமே நீட்டினார்.

"நேத்து இங்க நின்னுதானுங்க சொன்னீங்க. இதையும் இங்கயே படிங்க. எல்லாத்துக்கும் கேக்கட்டும்."

பொன்னுவேல் மனசுக்குள் படித்தார். முகம் வெளுத்தது. என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனியாமல் நின்றேன், அன்றைக்கு நான் செய்தது அவ்வளவுதான். மேனேஜர் என்ன அது என்று கேட்டார். பொன்னுவேல் முதல் வரியைச் சத்தமாகப் படித்தார். பிறகு இரண்டாவதை. மூன்றாவது வரியில் குரல் இறங்கிவிட்டது. ஆனால் முழுதும் படித்தார். படித்து முடித்ததும், கம்ப்ரசர் அடித்தது தான்தான் என்றும், பயத்தில் கண்ணாயி பேரைச் சொல்லிவிட்டதாகவும் அவராகவே சொன்னார்.

கண்ணாயி திரும்பி நடந்து தன் இடத்துக்குப் போய் நின்றுகொண்டார். நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற பொன்னுவேல், கடைசியில் அவர் பேரை மூன்றாவது முறையாகக் கூப்பிட்டார்.

"இருக்கேனுங்க," என்றார் கண்ணாயி.