இரண்டு பேரும் வந்து கேட்கட்டும்

செய்தி வந்தபோது எங்கள் கார் ஷெட்டிலும் அதை ஒட்டிய சந்திலுமாக இருந்தவர்கள் நான்கு பேர். கட்டிலில் என் கணவர். அவர் முதுகுக்குத் தலையணை மாற்றிக்கொண்டு நான். ஏசியின் முன்மூடியைக் கழற்றிவிட்டு உள்ளே தண்ணீர் பீய்ச்சிக் கழுவிக்கொண்டிருந்த கோட்டக்குப்பத்து அன்வர் பாய். சுவருக்கு அந்தப் பக்கம், சந்தில், ஏணிமேல் அவர் மச்சான் ரியாஸ். வேறு யாரும் இல்லை. என் கணவரின் போன் அடித்தது. உப்பளத்தில் பம்பு பார்க்கும் முருகன் பேசினான்.

"அண்ணே, அக்கா சாஞ்சிட்டாங்க. வரப்புல உக்காந்த மேனிக்கே சாஞ்சிட்டாங்க. உயிர் இல்லண்ணே."

என் கணவரால் எழுந்து ஓட முடியாது. போனை என்னிடம் நீட்டினார். அன்வர் பாய் தண்ணீரை நிறுத்தினார். ரியாஸ் ஏணியிலிருந்து இறங்கி வந்து வாசலில் நின்று, "கஸ்தூரி அக்காவா?" என்று மட்டும் கேட்டார்.

அந்த நேரத்தில் எங்கள் வீட்டு மெயினிலிருந்து பிடுங்கிய இரண்டு பியூஸ் கட்டைகளும் என் முந்தானையில் முடிந்து, இடுப்பில் செருகியிருந்தன. அது ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அண்ணியின் பம்பில் தண்ணீர் எடுக்கும் அளத்துக்காரர்களே, நீங்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

கஸ்தூரி அண்ணி என் கணவரின் கூடப் பிறந்த அக்கா. உங்களுக்கு அவர் மோட்டார் கொட்டாய் அக்கா. கோயிலுக்கு வரமாட்டார். நான் விளக்கேற்றும்போது வாசலில் நின்றபடி, "எனக்கும் சேத்து சொல்லிடும்மா, எனக்கு அளத்துல வேலை இருக்குது" என்பார். நான் அன்றாட வரவு செலவு எழுதுவதைப் பார்த்துவிட்டால் விடமாட்டார். "மல்லிகா, நேத்து நான் குடிச்ச காபி அதுல ஏறிடுச்சா?" ஏறித்தான் இருக்கும், பால் கணக்கில். நான் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வேன். அவர் உரக்கச் சிரிப்பார்.

அவர் வீட்டுக்காரர் எப்படிப் போனார் என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். உப்புத் தண்ணீர்க் கிணற்றில் குழாயின் அடி வால்வில் பாசி அடைத்துக்கொண்டது. அவர் சுவிட்சை அணைத்துவிட்டு உள்ளே இறங்கினார். வழியே வந்த ஒருவர், பம்பு நிற்கிறதே, பாத்தி காய்கிறதே என்று சுவிட்சைத் தூக்கிவிட்டார். மோட்டாரின் ஒயர் உப்பில் தோலுரிந்து கிடந்தது. இடுப்பளவு உப்புத் தண்ணீரில் நின்றவர் குரல்கூட எழுப்பவில்லை.

யார் தூக்கியது என்று அண்ணி கடைசி வரை எங்களிடம் சொன்னதில்லை. ஒரு முறை கேட்டுப் பார்த்தேன். "நல்லதுன்னு நெனச்சு போட்டான். அவன் பேரு உனக்கு எதுக்கு?" என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது.

ஆனால் அன்று முதல் அந்தக் கிணற்றில் யார் இறங்கினாலும், அண்ணி கொட்டாய்க்குள் போய் பியூஸ் கட்டையைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிடுவார். இறங்கியவர் தன் காலால் ஏறி வந்து, தன் வாயால் கேட்டு, தன் கையால் வாங்க வேண்டும். "சுவிட்ச எவன் வேணா தூக்குவான். கட்டை என் மடியில இருக்கறப்ப எவன் தூக்குவான்?" என்பார். நீங்கள் சிரித்ததும் உண்டு. "அக்கா முட்டை அடைகாக்குது" என்று சொன்னவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

என் கணவர் உப்பு லாரியின் மேலிருந்து விழுந்து முதுகெலும்பு உடைந்த பிறகு, அவரை வீட்டுக்குள் வைத்துப் பார்க்க வழியில்லாமல் போனது. மழைத் தண்ணீருக்குப் பயந்து வாசலை உயர்த்திக் கட்டிய வீடு, ஏறப் படிகள். கார் ஷெட் ஒன்றுதான் தரைமட்டம். காரை விற்றாயிற்று, இடம் காலி. ஆனால் மேலே சிமென்ட் ஷீட். சித்திரை வெயிலில் அதற்குள் நின்றால் மூச்சு முட்டும். புதுச்சேரி மருத்துவமனையில் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "முதுகுல ரெண்டு எடத்துல புண்ணு இருக்கு. வேர்வையில ஊறுச்சுன்னா உள்ள போயிடும். அதுக்கப்புறம் என்னைக் கேக்காதீங்க." ஏசி போடாமல் அழைத்து வர முடியாது. செவ்வாய்க்கிழமை மதியம் டிஸ்சார்ஜ் என்றார்கள். செவ்வாய்க்கிழமை காலையில்தான் அன்வர் பாய்க்கு நேரம் ஒழிந்தது.

உள்ளே ஒரு பெட்டி, வெளியே ஒரு பெட்டி என்று இரண்டாக வரும் ஏசி. நடுவில் சுவர். சுவரில் துளை போட்டு அதன் வழியே செம்புக் குழாயும் ஒயரும் போகும். ஷெட்டில் இருந்த பழைய பல்பு ஒயர் ஏசியைத் தாங்காது என்று, வீட்டு மெயினிலிருந்தே தனியாகக் கனமான ஒயர் இழுத்தார்கள். உள் பெட்டிக்கு அன்வர் பாய். சந்தில் இரும்பு ஸ்டாண்டின் மேல் இருந்த வெளிப் பெட்டிக்கு ரியாஸ்.

வேலை தொடங்குமுன்பே அண்ணி வந்துவிட்டார். எங்களுடையது பழைய மெயின். பேஸுக்கு ஒரு கட்டை, நியூட்ரலுக்கு ஒரு கட்டை. இரண்டையும் பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டு, மெயினுக்கு நேர் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அன்வர் பாய் சிரித்தார். "அக்கா, நான் துபாய்ல எத்தினியோ ஏசி மாட்டியிருக்கேன். மெயினுக்குக் காவலா ஆள் உக்காந்து பாத்ததே இல்ல."

"துபாய்ல எங்க ஊட்டுக்காரரு மாதிரி ஒருத்தரு செத்திருக்காரா?"

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு டிரில்லை எடுத்துக்கொண்டு போனார். பேட்டரி டிரில், நல்ல வேளை.

ஆம்புலன்ஸ் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து நின்றது. வேலை முடியவில்லை. டிரைவருக்கு அடுத்த சவாரி, காத்திருக்க மாட்டேன் என்றார். என் கணவரைத் தூக்கி வந்து ஷெட்டுக் கட்டிலில் கிடத்திவிட்டுப் போய்விட்டார்கள். கரண்டு இல்லாததால் மின்விசிறியும் இல்லை. நான் விசிறியால் வீசினேன். வீசும் கையே வேர்த்தது. அவர் நெற்றி, கழுத்து, மார்பு என்று தண்ணீராய் வழிந்தது. முதுகுக்கு அடியில் போட்ட துணியைத் தொட்டேன், ஈரம். மூன்று மணிக்கு ராகு காலம் தொடங்குகிறது. அதற்கு முன் ஏசியைப் போட்டுவிட வேண்டும் என்று மாரியம்மனை வேண்டிக்கொண்டே வீசினேன்.

அன்வர் பாய் ஸ்டூலிலிருந்து குதித்து இறங்கினார். "உள்ள முடிஞ்சிடுச்சுக்கா. லைன் போடச் சொல்லுங்க."

ஓடினேன். "அண்ணி, முடிஞ்சிடுச்சாம். கட்டையக் குடுங்க."

"யாரு சொன்னா?"

"அன்வர் பாய்."

"அவன வரச் சொல்லு. இன்னொருத்தனையும் வரச் சொல்லு."

"அவருக்கு முதுகெல்லாம் நனைஞ்சிடுச்சு அண்ணி! ராகு காலம் வேற வரப்போவுது."

"கரண்டுக்கு எல்லா நேரமும் ராகு காலம்தான். ரெண்டு பேரும் வந்து கேக்கட்டும்."

என் கை தானாக அவர் மடிப்பக்கம் போனது. அவர் இரண்டு கையாலும் மடியைப் பொத்திக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "அவன் என் கூடப் பொறந்தவன்டி. உன்னவிட எனக்குப் பதைப்பு கம்மியா?" மடியிலிருந்து கை மட்டும் எழவில்லை.

அதற்குள் அன்வர் பாயே வந்துவிட்டார். எரிச்சலாகத்தான் வந்தார். "வெளிய அவன் எப்பவோ முடிச்சிட்டான்கா. பீடி குடிச்சிட்டு நிப்பான். குடுங்க." பிறகு சந்துப்பக்கம் பார்த்து, "டேய் ரியாஸ்!" என்று கத்தினார். தெருவில் உப்பு லாரி ஒன்று இன்ஜினை ஓடவிட்டபடி நின்றிருந்தது. பதில் இல்லை.

நான்தான் சந்துக்குள் போனேன். ரியாஸ் ஏணிமேல் இருந்தார். மூடி முடித்த வெளிப் பெட்டியின் பக்கத் தகட்டை மறுபடியும் கழற்றி வைத்திருந்தார். ஒரு ஒயர் ஆடியதாம், இறுக்கிக்கொண்டிருந்தார். வலது கை விரல்கள் அந்த வெறும் செம்பில். இடது கை இரும்பு ஸ்டாண்டில். சட்டை முழுக்க வேர்வை. என்னைப் பார்த்துவிட்டு, "ஒரே நிமிசம்கா" என்றார்.

பின்னால் வந்த அன்வர் பாய் ஏணியின் கீழ்ப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாய்க்குள் ஏதோ ஓதினார். ரியாஸ் அவர் தங்கை புருஷன் அல்லவா.

திருகை இறுக்கி, தகட்டை மூடி, இருவரும் அண்ணியின் முன் வந்து நின்றார்கள். அண்ணி மடியிலிருந்து எடுத்து ஒரு கட்டையை அன்வர் பாயிடமும் மற்றதை ரியாஸிடமும் கொடுத்தார். "ஆளுக்கு ஒண்ணு. ரெண்டு பேரும் போட்டாத்தான் எரியும்."

போட்டார்கள். குளிர்ந்த காற்று வந்தபோது ராகு காலம் தொடங்கியிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. என் கணவர் கண்ணை மூடினார். புண் பிறகு ஆறியது, அம்மன் புண்ணியம். அன்று இரவு தம்பிக்குத் துணையாக ஷெட்டில் படுத்த அண்ணி, விடிந்ததும் போர்வையோடு வந்து, "இது ஊடா, ஐஸ் கம்பெனியா? மீனு மாதிரி கெடந்தேன்" என்று காபி கேட்டார். அந்தக் காபியை நான் கணக்கில் எழுதவில்லை.

உப்புக்காற்றுக்கு ஏசியை அடிக்கடி கழுவ வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் கட்டைகளைப் பிடுங்கி நான் வைத்துக்கொள்கிறேன். அன்வர் பாயும் ரியாஸும் சேர்ந்து வந்துதான் கேட்பார்கள். அண்ணி இறந்த அன்றும் அப்படித்தான்.

அன்று அளத்தில் நடந்ததை முருகன் பிறகு சொன்னான். அவன் வால்வைச் சரிபார்க்கக் கிணற்றில் இறங்கியிருந்தான். வேலை முடிந்து ஏறி வந்து, "அக்கா, கட்டை" என்று கை நீட்டினான். அண்ணி பேசவில்லை. சாய்ந்திருந்தார். கட்டை மடியில் இருந்தது, இரண்டு கையும் அதன்மேல் இருந்தன. அவர் உயிர் எப்போது போனதோ தெரியாது. கிணற்றில் இருந்தவன் உயிரோடு ஏறி வந்தான்.

அந்தக் கட்டையை முருகன் என்னிடம் கொண்டுவந்து கொடுத்தான். விளக்குக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அண்ணியிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அதுவும், கேட்டவுடன் கொடுத்துவிடாத கையும்தான்.

காரியம் முடிந்துவிட்டது. அடுத்த தண்ணீர் இறைப்புக்கு நாள் பார்க்கிறீர்கள் என்று கேள்விப்படுகிறேன். புதுக் கட்டை கடையில் கிடைக்கும், நீங்கள் வாங்கிவிடலாம். முருகனுக்கு இரண்டு பிள்ளைகள். அவன் கிணற்றில் இறங்கும்போது வரப்பில் உட்காரப்போவது உங்களில் யார்? யாரும் இல்லையென்றால் நான் வந்து உட்காருகிறேன், வீட்டில் பேசிவிட்டேன். எதுவானாலும் ஆள் அனுப்பாமல் நீங்களே வந்து சொல்லுங்கள். மோட்டாரைப் போடுவதற்கு முன்பு, இந்த வெள்ளிக்கிழமைக்குள் எனக்குப் பதில் வேண்டும்.