பதினேழாம் எண் குப்பி

சென்ற கார்த்திகையில் ஒரு புதன்கிழமை காலை ஆறு இருபதுக்கு நாகர்கோவில் ஜங்ஷனில் ரயில் ஏறினேன். திருவனந்தபுரம் எழுபத்தொரு கிலோமீட்டர். சாதாரண டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். பத்மநாபசுவாமியைக் கும்பிட அந்த ஊருக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். பல்கலைக்கழகத்துக்கு என்று போவது இதுவே முதல் தடவை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். வடசேரியில் பூசைச் சாமான் கடை வைத்துப் பிழைக்கிறேன்.

என் மகள் பகவதி, திருவனந்தபுரத்தை அடுத்த காரியவட்டம் வளாகத்தில் ஆறு வருஷமாக ஆராய்ச்சி செய்கிறாள். கோயில் குளங்களில் வளரும் பாசிதான் அவள் பாடம். அன்று பதினொன்றரை மணிக்கு அவள் செய்த வேலையைச் சபையில் வைத்துப் பெரியவர்கள் கேள்வி கேட்பார்கள். ஓப்பன் டிஃபன்ஸ் என்று பெயர். யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம், எழுந்து கேட்கவும் செய்யலாம் என்று போனில் சொன்னாள்.

எனக்கு அங்கே சொல்ல வேண்டிய காரியம் ஒன்று இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் ஆடி அமாவாசைக்கு முந்தின நாள், பகவதி நம் பக்கத்துக் குளங்களில் எடுத்த தண்ணீரை நாலு குப்பிகளில் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் படுத்தாள். அதிகாலையில் பூசைக்குப் பால் எடுக்கத் திறந்தேன். ஒரு குப்பியில் எங்கள் சிவன் கோயில் பெயரும் தெப்பக்குளம் என்றும் எழுதியிருந்தது. தீர்த்தத்தை இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாளே என்று மனசு பதறிவிட்டது. கொண்டுபோய் வீட்டுச் சிவலிங்கத்துக்கு அபிஷேகம் செய்துவிட்டேன். பாதிக் குப்பி காலி. என் மனைவி சொர்ணம் வந்து தலையில் அடித்துக்கொண்ட பிறகுதான் அது பிள்ளையின் படிப்புத் தண்ணீர் என்று விளங்கியது. பயத்தில், பூசை அறைச் செம்பில் இருந்த தீர்த்தத்தை ஊற்றிக் குப்பியை நிரப்பித் திரும்ப வைத்துவிட்டேன். தீர்த்தத்தோடு தீர்த்தம் சேர்ந்தால் என்ன குற்றம் என்று அப்போது தோன்றியது.

அவளிடம் சொல்லவில்லை. ஆனால் அவள் பட்டம் வாங்கும் நாள் நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. பொய்த் தண்ணீர் ஒன்று பிள்ளையின் புத்தகத்துக்குள் இருக்கிறது, அதை ஊற்றியவன் நான். புறப்படும்போது சொர்ணம் வாசலில் நின்று சொன்னாள்:

“எனக்கு முட்டுவலி, நான் வரல்ல. நீங்க செய்த வேல, நீங்கதான் சொல்லணும். சொல்லாமத் திரும்பி வந்தியன்னா கதவத் தொறக்க மாட்டேன், கேட்டியளா?”

காலை எட்டேகால். தம்பானூர் ரயில் நிலையத்தில் இறங்கி, நடந்தே பழவங்காடி போனேன். கணபதி சந்நிதி முன்னால் காய் உடைக்கும் சத்தம் தெருவுக்கே கேட்கிறது. தேங்காய் ஒன்று முப்பத்தைந்து ரூபாய். “உள்ளதைச் சொல்ல நாக்கு எழும்ப வேண்டும்” என்று மட்டும் வேண்டிக்கொண்டு எறிந்தேன். காய் உடையாமல் உருண்டு ஓடியது. அபசகுனம் என்று அங்கேயே நின்றுவிட்டேன். பக்கத்தில் காய் விற்கிற அம்மாள் சிரித்தாள்.

“பேடிக்காத அண்ணாச்சி. எடுத்து ஒண்ணுகூடி எறி. இவிடத்துப் பிள்ளையார் ரெண்டு தடவை கேக்கும்.”

இரண்டாம் எறியில் உடைந்தது.

கிழக்கேகோட்டையில் பஸ் பிடித்துக் காரியவட்டம் வந்தேன். சுமார் பதினைந்து கிலோமீட்டர், இருபத்துமூன்று ரூபாய். வாசலில் இறங்கினால் கட்டடத்தையே காணவில்லை, காடுதான் தெரிகிறது. உள்ளே போக ஆட்டோவுக்கு நாற்பது ரூபாய். இருபுறமும் பலாவும் கொல்லமா என்கிற முந்திரியும் வழியை மூடி நிற்கின்றன. ஒரு மயில் தோகையை இழுத்துக்கொண்டு சாலையைக் கடந்தது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

“இவிடெ நூறு மயில் உண்டு அண்ணாச்சி. எல்லாத்தையும் தொழுதா கை கழிஞ்சுபோவும். என்ன காரியமா வந்தது?”

“மகளுக்கு ஆராய்ச்சிப் பரீட்சை.”

“அப்போ இன்னைக்குச் சாயங்காலம் டாக்டரோட அச்சன்! என்ற பெங்ஙளோட மகளும் இவிடெதான் படிக்குது. முன்னூறு ஏக்கர் கேம்பஸ். ரெண்டு கொல்லமாச்சு, அவளுக்கு இப்பவும் வழி தெற்றும்.”

சகோதரி மகளைத்தான் அப்படிச் சொன்னார்; கொல்லம் என்றது வருஷத்தை. மரங்களுக்கு நடுவே ஒவ்வொரு துறையாகக் காட்டிக்கொண்டே வந்தார். ஒன்றில் பாறையைப் படிக்கிறார்களாம், ஒன்றில் பழைய மொழிகளை, ஒன்றில் மீனை. சுவரெல்லாம் மாணவர் தேர்தல் எழுத்து. ஒரு மரத்தடியில் நாலைந்து பிள்ளைகள் மேளம் அடித்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பத்தடி தள்ளி ஒரு பெண் காதைப் பொத்திக்கொண்டு தடிப்புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். ஈசுவரன் இத்தனை விதமாக உலகத்தைப் படைத்தார் என்றால், அதில் ஒவ்வொன்றையும் உட்கார்ந்து பார்க்க ஒவ்வொரு ஆளையும் அல்லவா இங்கே அனுப்பியிருக்கிறார் என்று தோன்றியது.

மணி ஒன்பதே முக்கால். பகவதி துறை வாசலில் சரிகைக்கரைக் கசவுச் சேலை கட்டி நின்றாள். என் காலைத் தொட்டாள். “மக்ளே, ஒரு காரியம்…” என்று ஆரம்பித்தேன். அதற்குள் அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியை உள்ளே இருந்து கூப்பிட்டார்.

“அப்பா, இப்பம் வந்திருவேன். ஷாஹினா உங்களப் பாத்துக்கிடுவா” என்று ஓடிவிட்டாள்.

ஷாஹினா அவளோடு ஆராய்ச்சி செய்கிற பெண். ஊர் கொல்லம். பகவதியோடு பழகித் தமிழ் நன்றாகவே பேசுகிறாள். ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் போனாள். வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னாள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னாள், மேலே வெள்ளைக் கோட்டு ஒன்றைப் போட்டுவிட்டாள். கோயிலில் சட்டையைக் கழற்ற வேண்டும், இங்கே இன்னொன்றைப் போட வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். குப்பி கழுவ அவர்கள் குழாய்த் தண்ணீரைத் தொடுவதில்லை. காய்ச்சி, ஆவியாக்கி, வடித்த நீரில் மூன்று தரம் அலசுகிறார்கள். நான் சாமி பாத்திரத்துக்குக்கூட அவ்வளவு செய்ததில்லை.

கண்ணாடி அலமாரியில் வரிசையாகக் குப்பிகள். ஒவ்வொன்றிலும் சின்னச் சீட்டு ஒட்டியிருந்தது. இடம், நாள், நேரம், எடுத்தவர் பெயர்.

“இந்தச் சீட்டு இல்லேன்னா எங்களுக்கு அது வெறும் வெள்ளம் அங்கிள்” என்றாள் ஷாஹினா, தண்ணீரை அவள் ஊர்ப் பேச்சில் சொல்லி. நான் அலமாரியை விட்டு நகர்ந்தேன்.

பத்தரை மணிக்கு வித்துராவில் இருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு பஸ் நிறைய வந்து இறங்கினார்கள். மாதம் ஒருநாள் இப்படி வரச் சொல்கிறார்களாம். அவரவர் ஊர்த் தண்ணீரைக் கொண்டுவந்தால் அதில் என்ன இருக்கிறது என்று காட்டுகிறார்கள். காசு கிடையாது. ஒரு பெண்குழந்தை தேன் குப்பியில் தன் வீட்டுப் பக்கத்து ஓடைத் தண்ணீர் கொண்டுவந்திருந்தாள். நானும் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் ஒரு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு மைக்ரோஸ்கோப்பில் குனிந்தேன்.

“அப்பூப்பா, கண்ணு அடைக்கண்டா! ரெண்டும் தொறந்து நோக்கணும்” என்று அந்தக் குழந்தை என் முழங்கையைத் தட்டினாள்.

பார்த்தேன். ஒரே ஒரு துளி. அதற்குள் தோணிகள் போயின. பச்சை நூல்கள், சக்கரங்கள், கண்ணாடியில் கடைந்தது போன்ற ஓடுகள். ஒவ்வொரு ஓட்டிலும் கோடு கோடாக, எங்கள் கோயில் கோபுரத்துச் சிற்பி வந்து செதுக்கியது போன்ற வேலைப்பாடு. கடுகில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராத உடம்புக்கு இத்தனை அலங்காரம் யாருக்காக? நாற்பது வருஷமாகத் தீர்த்தம் வாங்கிக் குடிக்கிறேன். கையில் என்ன வாங்குகிறேன் என்று அன்றுதான் பார்த்தேன். பின்னால் நின்ற பிள்ளைகள் அவசரப்படுத்தும் வரை நகரவில்லை.

பதினொன்றரை. சபையில் அறுபது பேர் இருக்கும். எல்லாம் இங்கிலீஷில் நடந்தது. ஷாஹினா என் காதில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். பகவதி திரையில் இருபத்துநாலு குளங்களைக் காட்டினாள். எந்தக் குளத்தில் எந்த மாதம் எந்தப் பாசி வருகிறது, எது வந்தால் குளம் நன்றாக இருக்கிறது, எது வந்தால் அழுக்குச் சேர்கிறது என்று நாற்பது நிமிஷம் பேசினாள். வீட்டில் கரண்ட் பில்லைப் பற்றிப் பேசுகிற அதே குரல்.

வெளியூரில் இருந்து வந்த பரீட்சைப் பேராசிரியர் வயதானவர், கறாரானவர். புத்தகத்தைப் புரட்டி ஒரு கேள்வி கேட்டார். ஷாஹினா சொன்னாள்:

“எல்லாக் குளத்துக்கும் ஆடி மாச வெள்ளம் ஒரே கொல்லம் எடுத்திருக்கு. பதினேழாம் எண் குளத்துக்கு மட்டும் அடுத்த கொல்லத்து ஆடி. எதுக்குன்னு கேக்குறார்.”

பதினேழாம் எண் எங்கள் தெப்பக்குளம்.

முதல் குப்பியில் வெளித்தண்ணீர் கலந்துவிட்டது, சோதனையில் தெரிந்ததும் அதைக் கைவிட்டு மறு வருஷம் ஆடி வரை காத்திருந்து எடுத்தேன் என்று பகவதி பதில் சொன்னாள். அவர் விடவில்லை. எப்படிக் கலந்தது? ஒரு குப்பியில் கலந்தது என்றால், அன்று கூட வைத்திருந்த மற்றக் குப்பிகளை எப்படி நம்புவது? பகவதி “வைத்த இடம் சரியில்லை, பொறுப்பு என்னுடையது” என்று மட்டும் சொன்னாள். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

அந்த வருஷம்! படிப்பு ஏன் ஒரு வருஷம் நீள்கிறது என்று நான் போனில் அவளைப் பேசாத பேச்சு இல்லை. “ஊர்ல எல்லாரும் கேக்கான், என்ன படிப்புட்டி இது, முடியாத படிப்பு” என்று கத்தியிருக்கிறேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு “முடிஞ்சிரும்ப்பா” என்றவள் அவள்.

எழுந்து நின்றேன். தலைமை வகித்தவர் என்னைப் பார்த்தார். “சபையில் உள்ளவங்களுக்கான நேரம் பின்னாடிதான். பரவாயில்ல, தமிழ்ல பறஞ்சோளூ, மனசிலாகும்” என்றார்.

“ஐயா, நான் அவளுக்கு அப்பா. அந்தக் குப்பியில தண்ணி ஊத்தினது நான்” என்றேன். அபிஷேகம் செய்ததில் இருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். கறாரான பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். நல்ல தமிழில் கேட்டார்:

“என்ன ஊற்றினீர்கள்? சரியாகச் சொல்லுங்கள்.”

“குழாய்த் தண்ணி ஒரு செம்பு. அதுல பச்சைக்கற்பூரம் ஒரு சிட்டிகை, ஏலம் ரெண்டு, கிராம்பு ஒண்ணு, துளசி. என் கடைச் சரக்கு, கலப்படம் கிடையாது.”

அவர் புத்தகத்தில் ஒரு பக்கத்தை எடுத்து விரல் வைத்துப் பார்த்தார். குழாய்த் தண்ணீரின் குளோரின், கற்பூரம், கிராம்பு எண்ணெய் எல்லாம் அங்கே பட்டியலாக இருந்ததாம்.

“மற்ற மூன்று குப்பிகளைத் தொட்டீர்களா?”

“இல்லய்யா. அதுல வேற கோயில் பேரு எழுதியிருந்தது. வேற கோயில் தண்ணிய எதுக்கு நம்ம சாமிக்கு ஊத்துவேன்?”

சபை முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். “இதைவிட நல்ல சாட்சி எனக்கு வேண்டாம்” என்று எழுதிக்கொண்டார். நான் உட்கார்ந்தபோது ஷாஹினா தன் தண்ணீர்க் குப்பியை நீட்டினாள். அரை மணி நேரத்தில் பகவதிக்கு டாக்டர் பட்டம் கொடுக்கலாம் என்று அறிவித்தார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்குக் கண் தெரியவில்லை.

இரண்டு மணிக்குக் கேன்டீனில் ஊண். ஐம்பது ரூபாய்க்குச் சோறு, பருப்பு, அவியல், மோர், பப்படம். பகவதி என் எதிரில் உட்கார்ந்தாள்.

“அன்னைக்கே தெரியும்ப்பா. குப்பியத் தொறந்ததும் பச்சைக்கற்பூர வாசம். நம்ம வீட்டுல வேற யாரு?”

“பெறகு ஏன் மக்ளே கேக்கல்ல?”

“கேட்டா ஒத்துக்கிடுவிய. பெறகு ஒரு வருஷம் பூசையறைப் பக்கமே போவ மாட்டிய, பட்டினி கெடப்பிய. உங்கள எனக்குத் தெரியாதா?”

“நான் உன்ன அந்த வருஷம் முழுக்க ஏசினேனே…”

“ஏசினியதான். அதுக்கு அம்மட்ட சொல்லி உங்களுக்கும் ஏச்சு வாங்கித் தந்துட்டேன். சாப்பிடுங்க, பருப்பு ஆறுது.”

அப்படியானால் பிள்ளைக்குத் தெரியும் என்பது சொர்ணத்துக்கும் தெரியும். கதவைத் திறக்க மாட்டேன் என்று சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் விளங்கியது. நானாக வாய் திறந்து சொல்ல வேண்டும் என்றுதான் அவள் காத்திருந்திருக்கிறாள்.

மாலை ஐந்து மணி ரயிலில் திரும்பினேன். பாறசாலை தாண்டும்போது ஜன்னலில் வயலும் குளமும் மாறி மாறி வந்தன. ஒவ்வொரு குளத்துக்குள்ளும் தோணிகளும் சக்கரங்களும் போய்க்கொண்டிருக்கும் என்ற நினைப்பிலேயே வந்தேன். எங்கள் வீட்டுப் பூசை அறைக்கும் அந்த ஆய்வுக்கூடத்துக்கும் சுத்தத்தில் போட்டி வைத்தால் நாங்கள் தோற்போம். பக்தியிலும் ஜெயிப்போம் என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. ஒரு குப்பித் தண்ணீர் உண்மையாக இருக்க வேண்டும் என்பதற்காக என் மகள் ஒரு வருஷம் காத்திருந்தாள். நான் ஒரு வார்த்தை உண்மை சொல்ல மூன்று வருஷம் எடுத்துக்கொண்டேன்.

சொர்ணம் கதவைத் திறந்து வைத்துத்தான் இருந்தாள்.

புறப்படும்போது ஷாஹினாவிடம் கேட்டு ஒரு சீட்டு வாங்கி வந்திருந்தேன். மறுநாள் காலை கோயிலில் தீர்த்தம் வாங்கி வந்து பூசை அறைச் செம்பில் ஊற்றினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, சீட்டில் இடம், நாள், நேரம் எல்லாம் எழுதிச் செம்பில் ஒட்டினேன். எடுத்தவர் என்ற இடத்தில் என் பெயரை முழுதாக எழுதினேன்.