பெஞ்சு நிரப்புகிறவர்

காலை ஷிஃப்டுக்குச் சங்கு ஊதுகிற நேரத்தில் கொளஞ்சியப்பன் சிப்காட் ரோட்டு டீக்கடையில் உட்கார்ந்து, தொழிற்பேட்டைக்குள் போகிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருப்பார். கையில் டீ ஆறி ஆடை கட்டிவிடும். சைக்கிளில் போகிறவர்கள், ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டு வருகிறவர்கள், செம்மங்குப்பம் பக்கமிருந்து டிபன் பையோடு நடந்து வருகிறவர்கள், யாரையும் விடமாட்டார். அவர் தேடுவது தன் பிள்ளைகளை. பெற்ற பிள்ளைகளை அல்ல. கடலூர்–சிதம்பரம் சாலையில் ஒரு தனியார் கலைக் கல்லூரியில் அவர் உடற்கல்வி இயக்குநர். அங்கே சேர்ந்து, சொல்லாமல் கொள்ளாமல் பாதியில் நின்று, கான்ட்ராக்ட் வேலைக்குப் போய்விட்ட பிள்ளைகளைத்தான் தேடுகிறார்.

“டேய் இளவரசு! கர்ச்சீப்ப எடுறா மூஞ்சிலேருந்து. நடைய வச்சே கண்டுபுடிச்சிட்டேன்.”

மூன்றாமாண்டு வணிகவியல் இளவரசு வழிந்துகொண்டே வந்து நிற்பான்.

“சாப்ட்டியா?”

“சாப்ட்டேன் சார்.”

“என்னிக்கி வர்ற?”

ஏன் நின்றாய் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அதற்கு ஒரு காரணம் வைத்திருக்கிறார். “ஏன்னு கேட்டா அழுவான், இல்லன்னா பொய் சொல்லுவான். அது ரெண்டும் நமக்கு எதுக்கு? என்னிக்கின்னு கேட்டம்னா, ஒரு நிமிசமாவது யோசிப்பான் பாருங்க.”

உடற்கல்வி என்றதும் கட்டுமஸ்தான ஆளைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். தொப்பை அவருக்கு ஒரு எட்டு முன்னால் போகும். வெள்ளைக் கான்வாஸ் ஷூவை வேட்டிக்கும் போடுவார், கல்யாணத்துக்கும் போடுவார். சட்டைப் பையில் விசில் கிடக்கும். தேங்காய் வாங்கி வரச்சொல்லி வீட்டில் அனுப்பினால் கடலோரத்துக் கிள்ளையில் எவன் வீட்டிலோ தரையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டிருப்பார். “ஒங்களுக்குக் காலேஜுல சம்பளம் குடுக்கறாங்களா, இல்ல புள்ளபுடிக்கிற வேல எதுனா குடுத்திருக்காங்களா?” என்று மனைவி மங்கலம் கேட்பதில் நியாயம் இல்லாமலில்லை.

அவர் வாயில் எப்போதும் தயாராக இருப்பது ஒரே வாக்கியம்: “நான் பாத்துக்கறேன்.” பஸ் பாஸ் வரவில்லையா, நான் பாத்துக்கறேன். வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்களா, நான் பாத்துக்கறேன். பாதிக்குப் பாதி பார்த்தும் இருக்கிறார், அதை மறைக்கக் கூடாது. மீதிப் பாதி என்ன ஆனது என்று யாரும் அவரிடம் திரும்பக் கேட்டதில்லை. அதனால் அந்த வாக்கியத்தின் மேல் அவருக்கே ஒரு நம்பிக்கை வந்துவிட்டது.

2009 மார்ச்சில் கல்லூரிக்குத் தரமதிப்பீட்டுக் கமிட்டி வருவதாக இருந்தது. சேர்ந்த பிள்ளைகளில் அநேகமாக எல்லாரும் படிப்பை முடித்துவிட்டுத்தான் போகிறார்கள் என்று நிர்வாகம் எழுதி அனுப்பிவிட்டது. வகுப்புக்குள் போய்ப் பார்த்தால் கடைசி இரண்டு வரிசையில் ஆள் இல்லை. முதல்வர் தட்சிணாமூர்த்தி அவரை அறைக்குக் கூப்பிட்டார்.

“கொளஞ்சி, ரெண்டு நாளைக்கி ஒரு பெஞ்சுகூடக் காலியா இருக்கக் கூடாது. நின்னதுங்க எங்க இருக்குன்னு ஒனக்குத்தான் தெரியும். கொண்டாந்து ஒக்கார வையி. கமிட்டி போனதும் மொத வேலையா ஒன்னோட ஆர்டர் டைப் ஆவும்.”

ஆர்டர் என்றால் நிரந்தர வேலைக்கான உத்தரவு. வருடா வருடம் ஜூனில் நீட்டிப்புக்காக அலுவலக வாசலில் நின்று அலுத்துப்போனவர் கொளஞ்சியப்பன். அன்று மதியமே வண்டியைக் கிளப்பிவிட்டார்.

சிப்காட் வாசலில் இளவரசு அகப்பட்டான். பரங்கிப்பேட்டையில் செல்போன் கடையில் ஒருத்தன், புவனகிரியில் செங்கல் லாரியில் ஒருத்தன். எல்லாரிடமும் ஒரே பேச்சுதான். “சும்மா வந்து ஒக்காருடா. அட்டெண்டன்ஸ நான் பாத்துக்கறேன்.”

கயல்விழி மட்டும்தான் எதிர்க் கேள்வி கேட்டாள். கிள்ளைப் பெண். இரண்டாமாண்டு கணிதம். அப்பா படகிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்து படுத்ததும், தீபாவளிக்கு முன்னால் படிப்பை நிறுத்திவிட்டுச் சிதம்பரம் மேல வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். கடைக்கு வெளியே வந்து, தாழ்ந்த குரலில் கேட்டாள்:

“ரெண்டு நாளைக்கா சார், இல்ல எப்பவுமா?”

இரண்டு நாளைக்குத்தான் என்று சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை. “எப்பவுந்தான்மா. நான் பாத்துக்கறேன்” என்றுவிட்டார். முதல்வரிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. கமிட்டி போகட்டும், ஆர்டர் கையில் வரட்டும், அப்புறம் மெள்ளச் சொல்லிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். நல்ல மனசுக்காரர்கள் போடுகிற கணக்கு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது.

கமிட்டி வந்த அன்று காலை கல்லூரி வாசலில் அவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள். புது யூனிஃபார்ம், நெற்றியில் விபூதி.

“கடையில லீவு குடுத்தாங்களாம்மா?”

“ரெண்டு நாள்லாம் லீவு கெடையாது, போனா போனதுதான்னாங்க சார். நான் கணக்கு முடிச்சிட்டு வந்துட்டேன். அதான் நீங்க இருக்கீங்கல்ல.”

கொளஞ்சியப்பன் சட்டைப் பை விசிலைத் தடவிக்கொண்டார். அதற்குமேல் பேச நேரமில்லை, கார்கள் வந்துவிட்டன.

மதியம்வரை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. வகுப்புகள் நிரம்பி வழிந்தன. சாயங்காலம் கருத்தரங்கு அறையில் மாணவர்களோடு கமிட்டியின் சந்திப்பு. என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு வாரமாகப் பாடம் நடத்தியிருந்தார்கள்; கூட்டி வந்தவர்களுக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதையே சுருக்கமாக. நூலகத்தில் எத்தனை புத்தகம், கல்லூரியின் லட்சியம் என்ன என்றெல்லாம் பிள்ளைகள் தலைகீழாய் ஒப்பிப்பார்கள். கமிட்டியில் ஒரு பேராசிரியை பெங்களூர்க்காரர், தமிழ் நன்றாகப் பேசினார். லட்சியத்தையெல்லாம் அவர் கேட்கவில்லை. மூன்றாவது வரிசையைப் பார்த்து, “கணித மாணவியா நீங்க? உங்க துறைத் தலைவர் யாரும்மா?” என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

கயல்விழி எழுந்தாள். “சௌந்தரம் மேடம்” என்றாள் தெளிவாக.

சௌந்தரம் மேடம் பொங்கலோடு வேலையை விட்டுப் போய்விட்டார். புதிய துறைத் தலைவர் தேவசகாயம் மேடைக்குப் பக்கத்திலேயே சிரித்தபடி நின்றுகொண்டிருந்தார். அவர் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. ஒரு வாரப் பாடத்தில் இதை மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை. எப்படித் தோன்றும்? தினமும் வருகிற பிள்ளைக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்துவிட்டார்கள்.

பேராசிரியை தேவசகாயத்தின் முகத்தைப் பார்த்தார், பிறகு அவளை. “எப்பலேருந்து நீங்க கிளாசுக்கு வரல?”

“தீவாளிக்கு முன்னாடி நின்னுட்டேன் மேடம்.”

“அப்ப இன்னைக்கு இங்க எப்படி?”

கூட்டி வரப்பட்ட மற்றவர்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்கள். முதல்வர் அவசரமாக எழுந்தார்.

“மேடம், இந்தப் பொண்ணு நம்ம காலேஜே இல்ல. யூனிஃபார்ம மாட்டிக்கிட்டு உள்ள பூந்திருக்கு. என்ன உத்தேசமோ தெரியல, நான் விசாரிக்கறேன்.”

“உங்கள யாரும்மா கூட்டிட்டு வந்தது?” பேராசிரியை விடவில்லை.

கொளஞ்சியப்பன் கடைசியில், கதவை ஒட்டிச் சுவரோரமாக நின்றிருந்தார். அவள் இப்போது திரும்பிப் பார்க்கப்போகிறாள் என்று நினைத்தார். அவள் திரும்பவில்லை.

“யாரும் கூட்டிட்டு வரல மேடம். நானாத்தான் வந்தேன்.”

“பாத்தீங்களா!” என்றார் முதல்வர். “யாருப்பா அங்க, வாட்ச்மேன கூப்புடு.”

வாட்ச்மேன் அந்தோணிசாமி வரிசைக்குள் நுழைந்து, என்ன செய்வதென்று தெரியாமல் அவள் பக்கத்தில் போய் நின்றார். கயல்விழி குனிந்து பையை எடுத்தாள். பையிலிருந்து பேனா விழுந்து உருண்டது, அதை எடுக்கவில்லை. முதல்வரின் பார்வை எல்லாத் தலைகளையும் தாண்டி வந்து கொளஞ்சியப்பன் மேல் நின்றது. வாயைத் திறந்தால் ஆர்டரும் கிடையாது, வரும் ஜூனும் கிடையாது என்று அந்தப் பார்வை சொல்லிற்று. கதவு திறந்துதான் இருந்தது. அப்படியே ஒரு எட்டு பின்னால் வைத்து வராந்தாவுக்குப் போயிருந்தால் ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. மங்கலத்தின் முகம் ஞாபகம் வந்தது. நான்தான் என்று சொல்லிவிடலாமென்று வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார்.

அவள் பெஞ்சைவிட்டு வெளியே வந்துவிட்டாள். கொளஞ்சியப்பன் வலது கையைத் தலைக்கு மேலே தூக்கினார். பேராசிரியை தன் பக்கம் திரும்புகிறவரை அதை இறக்கவில்லை.