வெர்னாவின் ஸ்பென்சர்

மொன்டானாவில், லூயிஸ்டவுன் பள்ளிப் பேருந்தை ஓட்டும் வெர்னா ஹால்வர்சன் அதிகம் ஆசைப்பட்டவள் அல்ல. ஆசைப்பட்ட ஒன்றிரண்டை விட்டுக்கொடுத்தவளும் அல்ல. அதில் ஒன்று, பண்ணை ஏலத்தில் எடுத்த ஸ்பென்சர் துப்பாக்கி. அமெரிக்க உள்நாட்டுப் போரில் குதிரைப்படையினர் தோளில் மாட்டிச் சென்ற குட்டைத் துப்பாக்கி. மரக்கட்டைக்குள் செருகும் குழாயில் ஏழு தோட்டாக்கள் நிற்கும்; விசைப்பிடியை இழுத்துவிட்டால் அடுத்தது மேலேறும்.

வாங்கிய பிறகு அவள் அதைச் சுடவில்லை, தேய்க்கவும் இல்லை. இரும்பின் பழுப்பு, கட்டையில் ஊறிய கை அழுக்கு, அந்தக் காலத்து ராணுவச் சோதனை அதிகாரி மரத்தில் குத்திய முத்திரை எல்லாம் இருந்தபடி இருக்க வேண்டும். சேகரிப்பாளர்களிடையே இதற்கு மறுபேச்சு கிடையாது. மாநிலப் பழந்துப்பாக்கிக் கண்காட்சியில் ஒரு மேசைக்காகப் பல வருடம் காத்திருந்தாள். அந்தக் கோடையில் இடம் கிடைத்தது. ஆனால் கண்காட்சிக்கு முன்பாக முழங்கால் அறுவை சிகிச்சைக்கு மருத்துவமனையில் படுக்க வேண்டியிருந்தது.

வீடு திரும்பியபோது துப்பாக்கி சமையலறை மேசையில் புதுச் செருப்புபோல மின்னியது. கணவன் லைல் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான்.

"உப்புத்தாள் போட்டு, மூணு தடவ வார்னிஷ் அடிச்சேன். உன் மேசைதான் ஜொலிக்கப்போகுது, பாரு."

வெர்னா கட்டையின் இடப்பக்கத்தை விரலால் தடவினாள். முத்திரை இருந்த இடம் வழவழவென்றிருந்தது.

"நல்லா இருக்கா?" என்றான்.

"காபி போடு," என்றாள்.

மறுநாள் அவளுடைய நண்பன் ஆர்லோ வந்தான். கண்காட்சிக் குழுவில் இருப்பவன். துப்பாக்கியைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான்.

"செத்த வீட்டுக்கா வந்திருக்கே? தொப்பியப் போடு," என்றாள் வெர்னா.

"மேசைக்கு ஆகாது, வெர்னா. எவனும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டான். எந்தக் கடங்காரன் பண்ண வேலை இது?"

"அதோ நிக்கிறான். முப்பது வருசமா என் கையால சாப்பிடுறான்."

தான் என்ன கெடுத்தோம் என்பது லைலுக்கு அப்போதுதான் விளங்கியது. கொட்டகைக்குப் போனான். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் வரவில்லை.

கோபம் வெர்னாவுக்கு இல்லாமல் இல்லை. ஆனால் அதோடு ஒரு கேள்வியும் ஒட்டிக்கொண்டது. இத்தனை வருடம் அவள் காத்தது துப்பாக்கியையா, அதன்மேல் படிந்த அழுக்கையா? முத்திரை போனபின் மிச்சம் இருப்பது ஒன்றுமே இல்லையா? இரண்டு நாள் யோசித்தாள். பிறகு ஆர்லோவுக்குப் போன் போட்டாள்.

"மேசைய வேற யாருக்காவது குடுத்துரு. ஒண்ணு கேக்குறேன். இத இப்ப சுடலாமில்ல?"

அதில் ஒரு சிக்கல் உண்டு. பழைய தோட்டா இப்போது யாரும் செய்வதில்லை. இந்தக் காலத்துத் தோட்டா ஏற வேண்டுமானால் குழலின் பின்வாயை மூடும் இரும்பு அடைப்புக்கட்டையை மாற்ற வேண்டும். கைபடாத துப்பாக்கியில் அப்படிச் செய்பவனைச் சேகரிப்பாளர் யாரும் வீட்டுக்குள் சேர்க்க மாட்டார்கள்.

"சுடலாம்," என்றான் ஆர்லோ. "கெட்டுப்போனதுக்கு என்ன பயம்? முதல்ல துப்பாக்கிக் கொல்லன்கிட்ட காட்டு. அவன் சரின்னா பழைய துப்பாக்கி சுடுற எங்க போட்டி அணிக்கு வந்துரு. ஓடு உடைக்க ஆள் குறையுது."

கொல்லன் பிரித்துப் பார்த்து, அடைப்புக்கட்டையை மாற்றி, சரி என்றான். ஆகஸ்டில், புல்வெளிக் குன்றின் அடிவாரத்தில் களிமண் ஓடுகளை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். இரண்டு அணிகளில் எது தன் எல்லா ஓடுகளையும் முதலில் உடைக்கிறதோ அது வெற்றி. லைல் தள்ளி நின்றான். வெர்னாதான் கூப்பிட்டாள்.

"அங்க என்ன வேடிக்க? குழாயில தோட்டா போடு. முழங்கால் வலிக்குது, நான் குனிய மாட்டேன்."

"நான் தொடலாமா?"

"தொட்டாச்சுல்ல, இன்னும் என்ன மிச்சம்?"

ஆர்லோ வந்த நாளுக்குப் பிறகு அவன் முதன்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தான்.

முதல் குண்டு மண்ணில் போயிற்று. வெடிமருந்துப் புகை முகத்தில் அடித்தது. இரண்டாவதும் அப்படியே. எதிரணியிலிருந்து ஒருவன், "அம்மா, ஓடு இந்தப் பக்கம் இருக்கு," என்றான்.

"தெரியும். இந்தத் துப்பாக்கிக்குத் தெரியலையே," என்று விசைப்பிடியை இழுத்தாள். மூன்றாவதில் ஓடு சிதறியது.

அவர்கள் அணி தோற்றது. தோள் கன்றிப்போன வெர்னா துப்பாக்கியை மடியில் வைத்து வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்தாள். குழல் இன்னும் சூடாக இருந்தது. அவளிடம் வந்த நாளிலிருந்து அது சூடாகி அவள் பார்த்ததில்லை.

"அடுத்த மாசம் வரியா?" என்றான் ஆர்லோ.

"ரெண்டு பேரும் வரோம்," என்றாள்.