வலது கன்னத்துக்கு ஒரு பூச்சு

தேய்க்கவே கூடாது, ஒற்ற வேண்டும். ஸ்பாஞ்சை நனைத்து, துண்டில் பொதிந்து பிழிந்து, கிண்ணத்து ஃபவுண்டேஷனில் பட்டும் படாமலும் தொட்டு, வலது கன்னத்தில் ஒற்றி ஒற்றி எடுக்கிறார் ஓட்டல் வரவேற்பாளர். அங்கிருக்கும் வெண்புள்ளி ஓரத்திலிருந்து மெல்ல மறைகிறது. ஒரு பூச்சு காயும்வரை சட்டைக்கு இஸ்திரி போடுவார், பிறகுதான் அடுத்தது. "அவசரப்பட்டா திட்டுத் திட்டா நிக்கும்" என்பார்.

குளியலறை விளக்கை அவர் நம்புவதில்லை. அது எல்லோரையும் அழகாகத்தான் காட்டுமாம். கைக்கண்ணாடியோடு மாடிப்படி ஜன்னலுக்குப் போய், தாடையும் கழுத்தும் சேரும் இடத்தில் கோடு தெரிகிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். தன் அழகில் தானே சொக்கிக் கிடக்கும் மனுஷன் என்பது எதிர்வீட்டுக்காரரின் கணிப்பு. "கல்யாணத்தன்னிக்கு எனக்கே இவ்வளவு நேரம் ஆகல" என்பாள் மனைவி.

முதலில் அவளுடைய புட்டியைத்தான் எடுத்துப் பூசினார். அவள் நிறம் வேறு. முகம் பாதி சுண்ணாம்பு அடித்த சுவராகிவிட்டது. கடைக்குப் போய், வீட்டுக்காரிக்கு வேண்டும் என்றார். அவர்கள் என்ன நிறம் என்று விற்பனைப் பெண் கேட்டாள். "அச்சு அசல் என்னை மாதிரியேதாம்மா" என்று தாடையை நீட்டினார். அவள் சிரிப்பை விழுங்கிக்கொண்டு அந்தத் தாடையிலேயே கோடு போட்டுப் பார்த்துக் கொடுத்தாள்.

ஓட்டலில் ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது என்பது அவர் நம்பிக்கை. வியர்த்தால் துடைக்க மாட்டார். கைக்குட்டையை மடித்து வைத்து எடுப்பார். தொலைபேசி எப்போதும் இடது காதில்தான். தெரிந்துவிட்டால் உள்ளே சரக்கறைக்கு மாற்றிவிடுவார்களோ என்று பயம். வாசலில் வந்து இறங்குபவர்களிடம் பேசாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. யார் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவர், யார் சமாதானம் செய்யப் போகிறவர் என்று பெட்டி தூக்கும் விதத்திலேயே சொல்லிவிடுவார். "சரக்கறையில டின்னுங்ககிட்ட என்னத்தப் பேசறது?"

போன மாதம் அந்த வெள்ளை, வலது புறங்கையிலும் எட்டிப் பார்த்தது. கன்னத்து வைத்தியத்தையே கைக்கும் செய்தார். கன்னம் சும்மா இருக்கும், கை இருக்குமா? நேற்று, வெளிர் நிறக் கோட்டு அணிந்த பெரியவரிடம் பெட்டியை வாங்கும்போது புறங்கை உரசி, கோட்டில் பழுப்பாக ஒரு தீற்றல் விழுந்தது. டீ பட்டுவிட்டது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார். பெரியவர் முகர்ந்து பார்த்தார். டீயில் ரோஜா வாசமா? கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு அறைக்குப் போய்விட்டார்.

பக்கத்து இருக்கையிலிருந்த காசாளர் பெண் ஈரத்துணி ஒன்றை நகர்த்தினாள்.

"கையத் தொடைங்கண்ணே. கன்னத்துல நல்லாத்தான் போடறீங்க. கைக்கு வேணாம்."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டார். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே என்றாள்.

"முதலாளியம்மாவுக்கு?"

"அவங்கதான் எனக்கே சொன்னாங்க. எந்தக் கம்பெனின்னு உங்ககிட்டக் கேக்கணுமாம், கூச்சமா இருக்காம்."

அவர் சிரிக்கவில்லை. உள்ளவர்களுக்குத் தெரிந்தது சரி, உள்ளே வருகிறவர்கள்? இந்தக் கையைக் கண்டு அவர்கள் முகம் சுளித்தால், எத்தனை நாளைக்கு அவரை வாசலில் வைத்திருப்பார்கள்? ஈரத்துணியை மடித்து அவள் பக்கமே நகர்த்தினார். பிறகு எழுந்துபோய்ச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தார். புறங்கையில் வெள்ளை ஒரு தீவு போலப் பளிச்சென்று இருந்தது. கன்னத்தில் பூச்சு கலையவில்லை.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓர் அம்மாள் வந்தார். பயணம் எப்படி இருந்தது என்று விசாரித்தபடியே, வரவேற்பாளர் அறைச் சாவியை வலது கையால் நீட்டினார். அந்த அம்மாளின் பார்வை சாவிக்கு வராமல் கையிலேயே நின்றது.

நீட்டிய கையை அவர் இழுத்துக்கொள்ளவில்லை.